சப்பாத்தும் பாணும் போதும்: சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க ஒரு வழி

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரம் ஏழு பிள்ளைகள் கூடுவார்கள். மூத்தவளுக்கு எட்டு வயது, கடைக்குட்டிக்கு நாலு. பாயை விரித்து நடுவில் ஒரு சோடிச் சப்பாத்தும் ஒரு றாத்தல் பாணும் வைப்பேன். "இது என்ன?" என்று கேட்டால் "சப்பாத்து!" என்று கத்துவார்கள். "ஸ்பெயினில் இருக்கிற பிள்ளைகள் இதைச் சப்பாத்தோ என்று சொல்லுவார்கள். சரி, இது?" "பாண்!" "அவர்களுக்கும் இது பான்தான்." ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். முதல் நாள் வகுப்பில் பாதி அதோடு முடிந்துவிடும்.

நான் பள்ளிக்கூட ரீச்சர் இல்லை. மே தொடங்கி செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வந்து தங்கும் வெளிநாட்டு விருந்தாளிகளோடு கதைப்பதற்காக ஸ்பானிஷ் படித்தேன். பிறகு என் பெறாமகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி அது, 20 நாடுகளில் அரச மொழி. கடற்கரை ஊரில் வளரும் பிள்ளைக்கு அது கட்டாயம் எங்கேயாவது பயன்படும். நீங்களும் வீட்டிலோ முன்பள்ளியிலோ தொடங்க நினைத்தால், எனக்குக் கைகொடுத்தவற்றை இங்கே எழுதுகிறேன். நீங்கள் ஸ்பானிஷில் புலியாக இருக்கத் தேவையில்லை. பிள்ளையைவிட இரண்டு கிழமை முன்னால் படித்துக்கொண்டு போனால் போதும்.

இங்கிலிஷைச் சுற்றிப் போக வேண்டாம்

முதல் ஆறு மாதம் நான் செய்த பிழை இதுதான். இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் தாள்கள் அநேகமாக இங்கிலிஷ் பிள்ளைகளுக்காகச் செய்தவை. ஒரு பக்கம் இங்கிலிஷ் சொல், மறுபக்கம் ஸ்பானிஷ் சொல். அவற்றை அச்சடித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் களைத்துப் போனார்கள். ஒரு புது மொழியைப் படிக்க, இன்னும் சரியாகப் பிடிபடாத இன்னொரு மொழியையும் சுமக்க வேண்டியிருந்தது. ஒருநாள் பெறாமகள் தாளைப் பார்த்துவிட்டு, "அன்ரி, மேசா எண்டா எங்கட மேசைதானே?" என்று கேட்டாள். அன்றைக்கே அந்தத் தாள்களை எல்லாம் மடித்து வைத்துவிட்டேன்.

தமிழ் வாய்க்கு ஸ்பானிஷ் நல்ல கிட்டம். ஸ்பானிஷில் உயிரொலி ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. ஐந்தும் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இங்கிலிஷில் ஓர் எழுத்து நாலு விதமாக ஒலிக்கும், இங்கே அந்தத் தொல்லை கிடையாது. நம் த எப்படிப் பல்லில் நாக்கு பட்டு வருகிறதோ, அப்படித்தான் அவர்களுடைய தகரமும். இங்கிலிஷ் வழியாகப் படித்த பிள்ளை தக்காளியை 'டொமாட்டே' என்று சொல்லும், தமிழ் வழியாக வந்த பிள்ளை 'தொமாத்தே' என்று சரியாகச் சொல்லும். அப்புறம் ஞ. நாளை என்பதற்கு மஞானா, சின்னப் பையனுக்கு நீஞோ. ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அது சிரமமே இல்லை.

ஓர் இடத்தில்தான் கவனம் வேண்டும். நம் எழுத்தில் வல்லினத்துக்கு ஒரே வடிவம், ஒலி மட்டும் இடத்துக்கு இடம் மாறும். 'தம்பி'யில் வரும் த ஒரு மாதிரி, 'பந்து'வில் வரும் து இன்னொரு மாதிரி. ஸ்பானிஷில் இந்த இரண்டும் வேறு வேறு சொற்களையே உண்டாக்கிவிடும். 'பந்து'வின் ஒலியில் தோஸ் என்றால் இரண்டு. 'தம்பி'யின் ஒலியில் தோஸ் என்றால் இருமல். இதேபோல் 'தம்பி'யில் இருக்கும் பி ஒலியில் பேசோ என்றால் முத்தம், 'பல்'லில் இருக்கும் ப ஒலியில் பேசோ என்றால் பாரம். எழுதிப் படித்தால் குழம்பிவிடும், காதால் கேட்டால் குழம்பாது. நான் இங்கே தமிழில் எழுதிக்காட்டும் சொற்களும் கிட்டத்தட்டத்தான். ஒவ்வொன்றையும் ஒருமுறை ஒலிப்பதிவில் கேட்டுவிட்டுப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இந்தக் குழப்பத்தையே விளையாட்டாக்கலாம். நான் மெல்லிய தோஸ் சொன்னால் இரண்டு விரலைக் காட்ட வேண்டும், வல்லிய தோஸ் சொன்னால் இரும வேண்டும். ஒரு பேசோவுக்குக் கையில் முத்தமிட்டு ஊத வேண்டும், மற்றப் பேசோவுக்குப் பெரிய கல்லைத் தூக்குவதுபோல் முக்க வேண்டும். எங்கள் வகுப்பில் இருமுவதற்காகவே வருகிற ஒருவன் இருக்கிறான். நாலு வயது, ஒலி வித்தியாசத்தை அவன் பிடிப்பதுபோல் பெரியவர்களால் பிடிக்க முடியாது.

வீட்டிலேயே இருக்கும் அகராதி

ஸ்பானியர் யாரும் திருகோணமலையை ஆண்டதில்லை. ஆனால் போர்த்துக்கேயர் ஆண்டார்கள். 1620களில் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கற்களையும் சேர்த்துக் கோட்டை கட்டினார்கள். அந்த இழப்பை இந்த ஊர் மறக்காது. அவர்கள் போன பிறகும் அவர்களுடைய சொற்கள் நம் வீட்டுக்குள் தங்கிவிட்டன. போர்த்துக்கேய மொழியும் ஸ்பானிஷும் லத்தீன் வயிற்றில் பிறந்த அக்கா தங்கை. ஆகவே நம் வீட்டில் புழங்கும் பல சொற்கள் ஸ்பானிஷ் பிள்ளையின் வீட்டிலும் புழங்குகின்றன. நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்தப் பத்து:

மேசை: லா மேசா
சப்பாத்து: எல் சப்பாத்தோ
பாண்: எல் பான்
குசினி: லா கொசீனா
துவாய்: லா தொவாயா
வாங்கு: எல் பாங்கோ
வாளி: எல் பால்தே
அலுமாரி: எல் அர்மாரியோ
பொத்தான்: எல் பொத்தோன்
கடுதாசி: லா கார்த்தா

வாங்கும் வாளியும் ஏன் 'வா'வில் தொடங்குகின்றன என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். அந்தச் சொற்களின் தொடக்கத்தில் இருந்தது 'தம்பி'யில் வரும் ப ஒலி. தமிழில் சொல்லின் முதலில் அது வராது. அதனால் நம் பாட்டன் பூட்டன்மார் வாய்க்கு வசதியாக வகரமாக்கிக்கொண்டார்கள். இதைச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளையின் கண் விரியும். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையும் சப்பாத்து, பாண், மேசை மூன்றையும் கொஞ்சம் மாற்றி அதே சொற்களால்தான் சொல்லும், அதனால் எங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தொடக்கம்.

எல்லாச் சொல்லும் இப்படிப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுங்கள். கதிரை போர்த்துக்கேயச் சொல்தான், ஆனால் ஸ்பானிஷில் கதிரைக்கு சீயா என்று வேறு சொல். கதிரைபோல் ஒலிக்கும் கதேரா அவர்களுக்கு இடுப்பு. யன்னலுக்கு வென்தானா. அது அப்படியே இருக்கட்டும், தெரிந்த பத்தோடு தொடங்கிய பிள்ளைக்குத் தெரியாத பதினோராவது பாரமாக இருக்காது.

நாம் அவர்களுக்குக் கொடுத்த சொற்களும் உண்டு. மாம்பழத்துக்கு அவர்கள் சொல்லும் மாங்கோ, நம் மாங்காய் வழியில் போர்த்துக்கேயர் கொண்டுபோன சொல். கட்டுமரம் இங்கிலிஷ் வழியாகப் போய் அங்கே கதமரான் ஆயிற்று. கரைவலைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

எல்லும் லாவும்: இரண்டு பனையோலைப் பெட்டி

ஸ்பானிஷில் பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. மேசை பெண், சப்பாத்து ஆண். தமிழில் உயிரில்லாத பொருளுக்கு அப்படி ஒன்றும் இல்லாததால் பிள்ளை "ஏன்?" என்று கேட்கும். விளக்கப் போகாதீர்கள், விளக்கமும் கிடையாது. சொல்லைத் தனியாகச் சொல்லிக்கொடுக்காமல், ஆண்பாலுக்கு முன்னால் வரும் 'எல்'லோடும் பெண்பாலுக்கு முன்னால் வரும் 'லா'வோடும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். 'மேசா' என்று ஒருநாளும் சொல்ல வேண்டாம், எப்போதும் 'லா மேசா'.

இரண்டு பனையோலைப் பெட்டி எடுத்து ஒன்றில் நீல நூலும் மற்றதில் மஞ்சள் நூலும் கட்டிவிடுங்கள். ஒரு சப்பாத்து, ஒரு துண்டு பாண், ஒரு பொத்தான், ஒரு துவாய், ஒரு கடிதம். மேசையையும் அலுமாரியையும் படமாகக் கீறி வெட்டிக்கொள்ளலாம். பிள்ளை ஒன்றை எடுத்து, பேரைச் சொல்லி, சரியான பெட்டியில் போட வேண்டும். எல் ஒரு பெட்டி, லா ஒரு பெட்டி. மூன்று கிழமைக்குப் பிறகு யோசிக்காமலே போடுவார்கள்.

இதோடு சேர்த்து 'கே ஃபால்தா', அதாவது 'எது குறையுது', விளையாடுங்கள். ஐந்து பொருளைப் பாயில் பரப்பி, துவாயால் மூடி, ஒன்றை ஒளித்துவிட்டுத் திறக்க வேண்டும். எது இல்லை என்று ஸ்பானிஷில் சொல்லுகிறவர் அடுத்ததை ஒளிக்கலாம். மூடுகிற துவாயே ஒரு பாடச் சொல் என்பதால், மூடும்போதெல்லாம் "லா தொவாயா!" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லுவோம்.

உடம்பு அசைந்தால் வாய் தானாக வரும்

ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர், கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்து காட்டுவதன் வழியாக மொழி கற்பிக்கும் ஒரு முறையை உருவாக்கினார். குழந்தை தாய்மொழியை அப்படித்தானே கற்கிறது. "இங்க வா", "எழும்பு", "அதை எடு" என்று கேட்டுக் கேட்டுத்தான் பேச வருகிறது. முற்றத்தில் பிள்ளைகளை நிறுத்தி, முதலில் நீங்களே சொல்லிச் செய்து காட்டுங்கள். சால்தா என்றால் குதி, கோர்ரே என்றால் ஓடு, பைலா என்றால் ஆடு, பாரா என்றால் நில், சியென்தாதே என்றால் இரு, லெவான்தாதே என்றால் எழும்பு. முதல் நாளுக்கு மூன்று போதும். பிறகு 'சிமோன் தீசே'. சிமோன் சொன்னான் என்று தொடங்கினால்தான் செய்ய வேண்டும், தொடங்காமல் சொன்னால் அசையக் கூடாது. அசைந்தவர் அடுத்த சிமோன். ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவதை நான் விட்டுவிட்டேன், ஏனென்றால் வெளியே போய் இருக்கிற பிள்ளைதான் அதிகம் பழக வேண்டிய பிள்ளை.

கோர்ரே சொல்லும்போது நடுவில் ர் உருள வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தத்தைப் போடச் சொல்லுங்கள், அநேகம் பேருக்கு வந்துவிடும். வராவிட்டாலும் பரவாயில்லை. ஸ்பானிஷ் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கே அது கடைசியாக வாய்க்கும் ஒலிகளில் ஒன்று.

மிருகங்களின் சத்தம் இன்னொரு கொண்டாட்டம். நம் சேவல் கொக்கரக்கோ என்று கூவும், அவர்களுடையது கிகிரிகீ. நாய் குவாவ் குவாவ். குஞ்சு பீயோ பீயோ. மாடு மு. பிள்ளை ஒன்று சேவலாகவும் இன்னொன்று குஞ்சாகவும் மாறி முற்றம் நிறைந்துவிடும்.

நம் விளையாட்டு, அவர்களுடைய எண்

எண்ணிக்கைக்குக் கொக்கானைப்போல் ஒன்று கிடையாது. ஐந்து கல். ஒன்றை மேலே எறிந்து கீழே இருப்பதை ஒன்றொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, மூன்றாக அள்ளுவோம் இல்லையா, அதில் எண்ணைத் தமிழுக்குப் பதில் ஊனோ, தோஸ், த்ரேஸ், குவாத்ரோ, சிங்கோ என்று சொன்னால் போதும். ஆர்ஜென்டினாவில் பயானா என்ற பெயரில் பிள்ளைகள் கல் எறிந்து இதேபோல் விளையாடுவார்கள். சின்னக் கைகளுக்குக் கொக்கான் கடினம். ஆறு வயதுக்குக் கீழே என்றால் பாம்பும் ஏணியும் எடுத்துக்கொள்ளுங்கள். தாயக்கட்டை விழுந்த எண்ணைச் சொல்லி, ஒவ்வொரு கட்டமாக ஸ்பானிஷில் எண்ணிக்கொண்டு நகர்த்த வேண்டும். ஆறுக்குச் சேய்ஸ், ஏழுக்குச் சியெத்தே, எட்டுக்கு ஓச்சோ, ஒன்பதுக்கு நுவேவே, பத்துக்குத் தியெஸ்.

இனி முட்டி. சித்திரை வருசப் பிறப்பு விளையாட்டுப் போட்டியில் கண்ணைக் கட்டி முட்டி உடைக்கப் பார்த்திருப்பீர்கள். மெக்சிகோப் பிள்ளைகளுக்கு அதுதான் பிஞாத்தா. அங்கும் முன்பு மண்பானையைக் கடதாசியால் அலங்கரித்து, உள்ளே பழமும் இனிப்பும் போட்டுத் தொங்கவிட்டார்கள். நத்தாருக்கு முந்தைய நாள்களில் அது பெரிய கொண்டாட்டம். கயிற்றை ஒருவர் மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருப்பார், கண்கட்டிய பிள்ளை அடிக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு மண்முட்டி வேண்டாம், ஓடு தெறித்தால் ஆபத்து. ஒரு பலூனை ஊதி, பழைய பேப்பரைக் கிழித்துக் கோதுமை மாப் பசையில் தோய்த்து மூன்று அடுக்கு ஒட்டுங்கள். நம் வெயிலுக்கு ஒரு நாளில் காய்ந்துவிடும். பலூனைக் குத்தி எடுத்துவிட்டு, உள்ளே ரொபி போட்டு வேப்பங்கொப்பில் கட்டுங்கள். பெரிய பிள்ளைகள் என்றால் கச்சானும் போடலாம், நாலைந்து வயதுக்காரருக்குக் கச்சான் தொண்டையில் சிக்கும். இப்போது ஒருவர் கண்ணைக் கட்டித் தடியைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் எல்லோரும் வழி சொல்ல வேண்டும்: அர்ரீபா மேலே, அபாஹோ கீழே, தெரேச்சா வலப்பக்கம், இஸ்கியெர்தா இடப்பக்கம், அதெலான்தே முன்னுக்கு. இதில் ஒரு பொறி இருக்கிறது. தெரேச்சாவின் கடைசி ஒலியை மாற்றித் தெரேச்சோ என்றால் 'நேராக' என்று பொருள். அதைச் சொல்லிக்கொடுக்காமல் அதெலான்தேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடது வலது சொல்லித் தர நான் பட்ட பாடு எல்லாம் ஒரு முட்டியோடு தீர்ந்தது, ஏனென்றால் பிழையாகச் சொன்னால் ரொபி கிடையாது. தடியின் வீச்சுக்கு வெளியே ஒரு வட்டம் கீறி மற்றப் பிள்ளைகளை அதற்கு அப்பால் நிறுத்த மறக்க வேண்டாம்.

மழை நாளுக்கு லோத்தெரியா. மெக்சிகோவின் பழைய படச்சீட்டு விளையாட்டு அது. 54 சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு படமும் பெயரும். ஒருவர் சீட்டை எடுத்துப் பெயரைக் கூவ, மற்றவர்கள் தங்கள் அட்டையில் இருக்கும் 16 படங்களில் அது இருந்தால் மேலே ஒரு விதை வைப்பார்கள். நீங்கள் கடையில் தேட வேண்டாம். 20 படத்தை நீங்களும் பிள்ளைகளும் சேர்ந்து கீறுங்கள், அட்டைக்கு ஒன்பது கட்டம் போதும். எங்கள் பெட்டியில் இருப்பவை திருகோணமலைப் படங்கள்: எல் மார் கடல், எல் பார்கோ கப்பல், எல் பெஸ் மீன், லா பயேனா திமிங்கிலம், லா தொர்தூகா ஆமை, எல் கதமரான் கட்டுமரம், எல் கோகோ தேங்காய், எல் சோல் சூரியன், லா லூனா நிலா, எல் குவேர்வோ காகம், எல் வெனாதோ மான், லா பலோமா புறா. புறாவுக்குப் புறாத் தீவையே கீறினாள் ஒருத்தி, தீவின் மேல் தீவைவிடப் பெரிய புறா. விதைக்குப் புளியங்கொட்டை. வரிசை நிறைந்தவர் "லோத்தெரியா!" என்று கத்த வேண்டும்.

வீட்டுக்கு வெளியே

கன்னியாவுக்குப் போனால் ஏழு வெந்நீர்க் கிணறு. இராவணன் தாயாரின் கிரியைக்காகத் தோண்டியவை என்று கதை சொல்லிக்கொண்டே, ஒவ்வொன்றாகத் தொட்டு ஊனோ முதல் சியெத்தே வரை எண்ணலாம். கிணற்றுக்குக் கிணறு சூடு கொஞ்சம் மாறும் என்பதால் ஆகுவா கலியென்தே சூட்டுத் தண்ணீர், ஆகுவா தீபியா இளஞ்சூட்டுத் தண்ணீர் என்ற இரண்டையும் பிள்ளை கையால் படிக்கும். ஏழு வரை எண்ணுவதை இப்படிப் படித்த பிள்ளை மறந்ததே இல்லை.

கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் நிற்கும். "மீரா, உன் வெனாதோ!" என்றால் "பார், ஒரு மான்!" மீரா என்ற பெயரில் பிள்ளை ஒன்று இருந்தால் முதலிலேயே விளக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவள் ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்ப்பாள். மான்களை எண்ணலாம், நிற்கிறது, ஓடுகிறது என்று சொல்லலாம். அவற்றுக்குப் பொலித்தீன் பையோடு எதையும் போட விடாதீர்கள்.

டச்பே கடற்கரைக்கு ஒரே விளையாட்டு போதும். நாம் குளம், கரை என்று விளையாடுவதை அங்கே மார், தியெர்ரா என்று விளையாடுவார்கள். ஈர மணலில் ஒரு கோடு. ஒரு பக்கம் மார், கடல். மறுபக்கம் தியெர்ரா, தரை. கூவக் கூவப் பாய வேண்டும். உண்மையான கடல் பக்கத்திலேயே இருப்பதால் சொல்லுக்குப் பொருள் சொல்லத் தேவையே இல்லை. அலை இல்லாத நேரமாக, பெரியவர் ஒருவரைத் தண்ணீர்ப் பக்கம் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

சொல்லிலிருந்து வசனத்துக்கு

ஐம்பது அறுபது சொல் சேர்ந்த பிறகு வசனம். முதல் வசனமாக 'மே குஸ்தா'வை எடுங்கள். இங்கிலிஷ் பிள்ளைக்கு இது தலைகீழாகத் தெரியும். தமிழ்ப் பிள்ளைக்கு நேராக விளங்கும். 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பதில் 'எனக்கு' எப்படி இருக்கிறதோ, 'மே குஸ்தா எல் மாங்கோ'வில் 'மே' அப்படியே இருக்கிறது. 'எனக்குத் தலை வலிக்குது' என்பதும் அதே அச்சு: 'மே துவேலே லா கபேசா'. பிடிக்காவிட்டால் முன்னால் ஒரு 'நோ'. சாப்பாட்டு மேசையில் இதைச் செய்யுங்கள். பாகற்காய் வந்தால் "நோ மே குஸ்தா!" என்று ஏழு குரல் கேட்கும்.

இதோடு மரியாதையையும் சொல்லிவிடலாம். நம் நீ, நீங்கள் போல அவர்களிடம் தூ, உஸ்தேத் இருக்கின்றன. கூட்டாளிக்குத் தூ, தெரியாத பெரியவருக்கு உஸ்தேத். ஸ்பெயினில் அப்பா அம்மாவுக்கும் தூதான் என்றபோது பிள்ளைகள் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார்கள். வினைச்சொல்லின் வாலே யார் என்று சொல்லிவிடும் என்பதும் நமக்குப் பழகியது. 'பாடுறன்' என்றாலே நான் என்று தெரிகிற மாதிரி 'கான்தோ' என்றாலே நான். அதனால் ஒவ்வொரு வசனத்திலும் நான், நீ என்று சேர்த்துப் பழக்க வேண்டாம்.

வாய் திறக்காத பிள்ளை

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பிள்ளை ஆறேழு கிழமை பேசாமல் இருக்கும். சொன்னதைச் செய்யும், பெட்டியில் சரியாகப் போடும், வாய் மட்டும் திறக்காது. "சொல்லு, சொல்லு" என்று நெருக்காதீர்கள். அது காதால் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பெற்றோர் வந்து நின்று "எங்க, அன்ரிக்கு ஒண்டு ரெண்டு சொல்லிக்காட்டு" என்று கேட்கும்போது குறுக்கே நிற்க வேண்டியது உங்கள் கடமை. பிழை விட்டாலும் அப்படித்தான். "எல் மேசா" என்று பிள்ளை சொன்னால், "ஓம், லா மேசா" என்று சரியானதைத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

நேரம் பற்றி ஒரு சொல். ஐந்து வயதுக்குக் கீழே 20 நிமிடம், அதற்கு மேலே அரை மணி. கிழமைக்கு ஒருநாள் வகுப்பு இருந்தாலும் வீட்டில் தினமும் ஒரு வசனமாவது புழங்க வேண்டும். காலையில் ஓலா, படுக்கும்போது புவேனாஸ் நோச்செஸ், பாண் கேட்கும்போது போர் ஃபவோர், கிடைத்ததும் கிராசியாஸ்.

எதை எங்கே எடுப்பது

உச்சரிப்புக்கு ஃபோர்வோ தளம். தாய்மொழிக்காரர்களே ஒவ்வொரு சொல்லையும் சொல்லிப் பதிந்திருப்பார்கள், எந்த நாட்டுக்காரர் என்றும் போட்டிருக்கும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் சப்பாத்தோவின் முதல் ஒலி நாக்கைப் பல்லிடையே வைத்து வரும், லத்தீன் அமெரிக்காவில் வெறும் ஸகரம். நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது எளிது. ஒன்றைத் தெரிந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

கதைக்கு ஸ்டோரிவீவர். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இலவசத் தளம். அதில் ஒரே படக்கதை தமிழிலும் ஸ்பானிஷிலும் கிடைக்கும். முதல் நாள் தமிழில் வாசியுங்கள். கதை தெரிந்த பிறகு அதே படங்களைக் காட்டி ஸ்பானிஷில் வாசித்தால் பிள்ளை பயப்படாது. தரவிறக்கி அச்சடிக்கவும் அனுமதி உண்டு. ஸ்பானிஷ் கற்பிப்பவர்களுக்கு செர்வாந்தேஸ் நிறுவனத்தின் இணைய மையத்திலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. ஸ்பானிஷைப் பரப்புவதற்காக ஸ்பெயின் 1991இல் தொடங்கிய நிறுவனம் அது.

யூடியூபில் குழந்தைப் பாட்டு நிறைய உண்டு. பிள்ளையைத் தனியே போனோடு விடாமல், ஒரு பாட்டை ஒரு மாதம் முழுக்கச் சேர்ந்து பாடி ஆடுங்கள். புதுப்புதுப் பாட்டாக ஓடவிட்டால் ஒன்றும் தங்காது. மொழிபெயர்ப்புச் செயலியை நம்பும்போது கவனம். ஒருமுறை 'வாங்கு' என்று தட்டினேன், காசு கொடுத்து வாங்குவதற்கான சொல்லைத் தந்தது. அதையே எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஒற்றைச் சொல்லைத் தட்டாமல் ஒரு வசனமாகத் தட்டி, வந்ததை ஃபோர்வோவிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளி யாராவது ஸ்பானிஷ் பேசுகிறவராக வந்தால், உங்கள் 20 லோத்தெரியாச் சொற்களைப் போனில் சொல்லித் தரும்படி கேளுங்கள். மனம் குளிர்ந்து செய்வார்கள். அவர்களைப் பிள்ளைகளோடு ஒருதரம் ஆட்டத்துக்கு இருத்தினால் இன்னும் நல்லது.

பல் விழும் வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கதையும் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் விழுந்த பல்லை அணிலிடம் சொல்லிக் கூரையில் எறிவோம். ஸ்பெயினில் தலையணைக்குக் கீழே வைப்பார்கள், ரத்தோன்சீத்தோ பேரெஸ் என்ற சுண்டெலி இரவில் வந்து எடுத்துக்கொண்டு, சின்னப் பரிசு ஒன்றை வைத்துவிட்டுப் போகும். ஜனவரி 5ஆம் தேதி இரவு அங்கே பிள்ளைகள் சப்பாத்தைத் துடைத்து வெளியே வைப்பார்கள், குழந்தை இயேசுவைப் பார்க்கப் போன மூன்று ராசாக்கள் பரிசு கொண்டுவருவார்கள் என்று. போன வருடம் எங்கள் விறாந்தையிலும் அன்றிரவு ஏழு சோடிச் சப்பாத்து வரிசையாக இருந்தன.

எழுத்து கடைசியில்

ஏழு வயது வரை எழுத்தைக் காட்டாதீர்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் எழுத்துப் படிக்கிற பிள்ளை, அதே எழுத்தைப் பார்த்ததும் இங்கிலிஷ் ஒலியைப் போட்டுவிடும். பதினொன்றுக்கு ஸ்பானிஷில் ஓன்சே. அதன் எழுத்துக்கூட்டு இங்கிலிஷில் 'ஒருமுறை' என்பதற்கான சொல்லின் எழுத்துக்கூட்டேதான். எழுத்தில் முதலில் பார்த்த பிள்ளை 'வன்ஸ்' என்று வாசிக்கும். காதில் ஓன்சே பதிந்த பிள்ளை தடுமாறாது.

ஏழு வயதுக்குப் பிறகு இரண்டு மாதம் போதும். ஸ்பானிஷில் 27 எழுத்து, அநேகமாக ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. ஓலாவின் தொடக்கத்தில் ஹகர எழுத்து ஒன்று நிற்கும், அதற்குச் சத்தமே இல்லை என்று சொல்லிவிடுங்கள். இங்கிலிஷில் இல்லாத எழுத்து ஒன்றுதான்: தலையில் அலை நெளிகிற ஞ. நான் அதைத்தான் முதலில் மணலில் எழுதிக் காட்டுவேன். கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அந்த அலையை மட்டும் நீட்டி நீட்டிக் கீறிக்கொண்டே போவார்கள்.